மலையுச்சியும் மலைச்சாரலும்: ஆதர் சி. கிளார்க்கின் விஞ்ஞானப் புனைவு பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞானப் புனைகதை எதிர்காலத்தைப் பற்றியது என்பது பொதுவான எண்ணம். ஆயின், எதிர்காலத்தை எழுதுபவனும் ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் வாழ்ந்தே எழுதுகிறான். அவன் நாள்தோறும் எவற்றில் ஈடுபட்டான், எவரோடு பழகினான் என்பவை அவனது கற்பனைக்கு ஊட்டமாவதுபோல் எல்லையாகவும் அமைகின்றன. 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையையே இருப்பிடமாகக் கொண்டிருந்த ஆதர் சி. கிளார்க்கை இவ்வாறு நோக்குதல், கண்டி மலைநாட்டிலிருந்து அவரைப் படிக்கும் நமக்கு அவசியமாகின்றது.

கிளார்க்கின் ஈடுபாடுகள் பலதிறப்பட்டவை. உலகப்போரின்போது ராடார்த் துறையில் பணியாற்றிய அவர், 1945இல் புவியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகளை நிறுத்தி உலகத் தொடர்பாடலை ஏற்படுத்தலாம் என எழுதினார். விண்ணின்மேல் கொண்ட அந்த நாட்டமே அவரைக் கடலுக்கும் இட்டுச்சென்றது. எடையற்ற நிலையை நீரினுள்ளே ஓரளவு அனுபவிக்கலாம் என்பதே சுழியோடலில் அவருக்கிருந்த கவர்ச்சி. நண்பர் மைக் வில்சனுடன் திருகோணமலைக் கடலடியிலே கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டமை நம்மவர் நன்கறிந்ததே. கொழும்பிலே மேசைப்பந்தாட்டமும் தொலைநோக்கியும் அவரது பொழுதைப் பகிர்ந்துகொண்டன. 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராகவும் விளங்கினார். 1980களின் முற்பகுதியிலேயே தம் வீட்டுக் கணினியின் வாயிலாக அமெரிக்காவிலிருந்த திரைப்பட இயக்குநர் ஒருவருடன் நாள்தோறும் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார்.

இவ்வீடுபாடுகள் ஒருங்கே சேரும் படைப்பு, 1979இல் வெளிவந்த 'த பவுண்டன்ஸ் ஒவ் பரடைஸ்' என்னும் நாவலாகும். நிலத்திலிருந்து விண்வெளிக்கு ஓர் உயர்த்தியை அமைக்கும் முயற்சியே அதன் கதை. 1945இல் எழுதிய அதே சுற்றுப்பாதை மீண்டும் இங்கே வருகின்றது. அதன் அடித்தளத்துக்குப் பொருத்தமான இடம், 'தப்ரபேன்' எனும் தீவின் புனித மலை. இலங்கையைத் தெற்கே நகர்த்திப் பூமத்திய ரேகைமேல் வைத்ததையும், மலையின் உயரத்தை இருமடங்காக்கியதையும், அதனைப் பாறைக்கோட்டைக்கு அண்மையில் கொணர்ந்ததையும் ஆசிரியரே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். கண்டிக்கு வடக்கேயுள்ள சிகிரியாவும் தெற்கேயுள்ள சிவனொளிபாதமலையுமே அவ்வாறு உருமாறியுள்ளன.

புனைவுக்கு இந்த உரிமை உண்டு. நமது கேள்வி வேறு. இம்மலைக்கு வருவோர் யாவர்? பண்டைய அரசன், துறவி, பொறியியலாளன், இராசதந்திரி, செய்தியாளர் ஆகியோரே நாவலின் மையப் பாத்திரங்கள். நான்கு மதத்தினரும் வணங்கும் மலையின் உச்சி ஒரு பௌத்த மடாலயமாகின்றது. நல்லதண்ணிப் பாதையால் மலையேறும் எவரும் முதலிற் காண்பது தேயிலைக் கொழுந்தும் லயங்களுமாகும். அச்சாரலில் உழைப்பவர் மையப் பாத்திரங்களுள் ஒருவரல்லர்.

கதை இருபத்திரண்டாம் நூற்றாண்டுக்குரியது. அக்காலத்திலே தோட்டத் தொழிலாளர் இருப்பரென ஏன் எதிர்பார்க்கவேண்டும் என ஒருவர் வினவலாம். ஆயின், பன்னூறாண்டு பழைமையான அரசனின் கனவு அந்த எதிர்காலத்துக்கு எடுத்துச்செல்லப்படுகின்றது; துறவிகளின் நெடிய மரபும் எடுத்துச்செல்லப்படுகின்றது. 1867இல் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைச் செய்கையும், அதனைக் கட்டியெழுப்பிய மக்களின் வரலாறும் அவ்வாறு எடுத்துச்செல்லப்படவில்லை. எது தொன்மை, எது வெறும் பின்னணி என்ற தெரிவு இங்கு நிகழ்ந்திருக்கின்றது.

இத்தெரிவை ஆசிரியரின் வாழ்நிலையோடு இணைத்துப் பார்த்தல் தகும். 1975இல் இலங்கை அரசு அவருக்கு 'வதிவிட விருந்தினர்' என்னும் தகுதியை வழங்கியது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்த மலையக மக்களோ, 1964, 1974ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின்படி இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டு, அதே ஆண்டுகளில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தனர். எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இலேயே வந்தது. இது கிளார்க்கின் குற்றமன்று. அவரது நாட்கள் சென்ற வழி வேறு. அவ்வழியிற் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலேயே 'போர்ண் டு லேபர்' (1970) என்ற நூலில் அம்மக்களைச் சித்திரித்தார். இருவரும் ஒரே மொழியில் எழுதினர். ஒருவர் மலையின் உச்சியைக் கண்டார், மற்றவர் சாரலைக் கண்டார்.

பெருந்திட்டத்தால் இடம்பெயர்வோர் பற்றியும் நாவல் பேசுகின்றது. பட்டாம்பூச்சிகள் உச்சியை அடைந்ததும், முன்னோர் வாக்குப்படி துறவிகள் மலையைவிட்டு நீங்குகின்றனர். அழகிய கற்பனை, ஆயின், பிரச்சினை அதனால் மிக எளிதாகத் தீர்ந்துவிடுகின்றது. நாவல் வெளிவந்த காலத்தில், 1977இல் விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டம் நடைமுறையிலிருந்தது. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீரில் கண்டிக்குக் கிழக்கேயிருந்த பழைய தெல்தெனிய நகர் அமிழ்ந்தது. நீர்மட்டம் தாழும்போது அதன் சிதைவுகள் இன்றும் வெளித்தெரிகின்றன. அங்கிருந்து வெளியேறியோரை வழியனுப்பப் பட்டாம்பூச்சிகள் வரவில்லை.

எனினும் கிளார்க்கை ஒதுக்கிவிடுதல் நமக்குப் பயன்தராது. இயற்கையை அறிவினால் வசப்படுத்தலாம் என்ற அவரது நம்பிக்கையும், பிறரைக் காக்கச் சென்று தன் உயிரையே ஈயும் பொறியியலாளனின் சித்திரிப்பும் முற்போக்காளர் ஏற்கத்தக்கவை. அவற்றோடு சாரலையும் சேர்த்துக் காணும் விஞ்ஞானப் புனைகதையே தமிழில் எழுதப்படவேண்டியது. விண்ணுக்கு ஏறும் உயர்த்தியின் அடித்தளத்திலே கல்சுமப்பவர் யார், அவர் எந்நாட்டுக் குடிமகன், அதிலே ஏறிச்செல்லும் உரிமை அவர் பிள்ளைக்கு உண்டா என்னும் வினாக்களையும் எதிர்காலம் பற்றிய வினாக்களாகக் கொள்ளும்போதுதான் அத்தகைய இலக்கியம் நம்மிடையே தோன்றும்.