ஏட்டின் ஓரத்தில் ஒரு பாட்டன்

ஜொகூர்த் தமிழர் வீடுகளில் வம்சக் கதை பெரும்பாலும் கப்பலில் தொடங்கும். "தாத்தா திருச்சிப் பக்கம்" என்பதற்கு மேல் ஒரு வரி கேட்டால், பெரியப்பா ஓர் ஊரைச் சொல்வார், அத்தை இன்னோர் ஊரைச் சொல்வார். இந்துக் குடும்பமாக இருந்தால் குலதெய்வத்தின் பெயரையாவது பிடித்துக்கொண்டு ஊருக்குப் போய் விசாரிக்கலாம். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அந்த வழி அடைபட்டு எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. அவர்களுக்கு மிஞ்சியிருப்பது கோவிலில் சாமியார் எழுதிவைத்த ஞானஸ்நானப் பதிவேடு. இன்று திருமுழுக்கு என்று சொன்னாலும் பழைய குடும்பங்களின் பேச்சில் அது ஞானஸ்நானம்தான்.

அந்த ஏட்டை நம்பித் தேடுவோர் அதன் மேல் வைக்கும் மதிப்பு பல நேரங்களில் இடம் மாறிப்போகிறது என்பது என் கருத்து. அதன் நடுவில் எழுதியிருக்கும் பெயர்களுக்கு அளவுக்கு மீறி மரியாதை கொடுக்கிறோம். ஓரத்தில் பொடி எழுத்தில் கிடப்பதைக் கவனிப்பதில்லை.

முதலில், இந்த ஏடு எதற்காகப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. ஞானப்பெற்றோரின் பெயர்களைப் பங்குச்சாமியார் ஏட்டில் எழுத வேண்டும் என்ற விதியும் அதே அமர்வில் வந்தது. ஞானத்தந்தைக்கும் பிள்ளைக்கும் இடையே உண்டாகும் ஆன்மிக உறவு அந்தக் காலத்துச் சட்டத்தில் திருமணத் தடை. யார் யாரைக் கட்டக் கூடாது என்று பார்த்துச் சொல்ல எழுத்து தேவைப்பட்டது. 1614-இல் வந்த உரோமைச் சடங்கு நூல் பதிவின் வாசகத்தையே வகுத்துக் கொடுத்தது. கொள்ளுப்பேரன் ஒருவன் வந்து வம்சம் தேடுவான் என்று அதை எழுதிய யாரும் நினைக்கவில்லை. ஏட்டின் பலமும் பலவீனமும் இங்கிருந்தே வருகின்றன.

ஜொகூரைப் பொறுத்தவரை காலம் ஓரளவு தெளிவு. 1909-இல் கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ரயில் பாதை திறந்தது. ரப்பர் விலை ஏறிய நேரம் அது. சிகாமட், லாபீஸ், குளுவாங், கூலாய் என்று பாதையோரம் தோட்டங்கள் காடழித்து முளைத்தன. கங்காணிகள் ஆள் கட்டி வந்தார்கள். 1938-இல் இந்திய அரசு உதவிக் குடிபெயர்வை நிறுத்தியது. ஆகவே கடல் கடந்த தலைமுறை பெரும்பாலும் 1880-க்கும் 1920-க்கும் இடையில் ஊரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். தோட்டத்துச் செக்ரோல்கள் (ஆள் வருகைப் பதிவேடுகள்) எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் ரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை வீடமைப்புத் திட்டமாயிற்று. தோட்டத்தின் பெயரே வழக்கொழிந்த இடங்களில், அந்தப் பெயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கும் ஒரே கையெழுத்துப் பிரதி பங்கு அலுவலகத்து அலமாரியில் இருக்கக்கூடும். இது சின்ன விஷயமில்லை.

ஒரு பதிவைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். கூலாய்ப் பக்கத் தோட்டமொன்றில் 1934-இல் ஞானஸ்நானம் பெற்ற அந்தோணிசாமி என்ற பிள்ளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண், தேதி, பிறந்த நாள், பிள்ளையின் பெயர், தந்தை சவரிமுத்து, தாய் ஆரோக்கியம், ஞானத்தந்தை, ஞானத்தாய், சாமியாரின் கையொப்பம். எல்லாம் இலத்தீனில். எழுதியவர் பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர் என்றால், முத்து என்ற பெயரில் வரும் உகரத்துக்கு 'ஓ', 'யு' என்ற இரண்டு எழுத்துகளைப் போட்டிருப்பார். சவரிமுத்து என்பது ஓரிடத்தில் 'எஸ்'ஸிலும் இன்னோரிடத்தில் 'எக்ஸ்'ஸிலும் தொடங்கும், 'சி'யில் தொடங்குவதும் உண்டு. அகரவரிசைப் பட்டியலில் 'எஸ்'ஸை மட்டும் புரட்டிவிட்டு "இல்லை" என்று திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர். இராயப்பனும் பேதுருவும் ஒருவரே, சின்னப்பனும் பவுலும் ஒருவரே, அருளப்பனும் யோவானும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும். பட்டியலைத் தட்டச்சு செய்த பிள்ளைக்குத் தெரியாமல் போயிருக்கலாம்.

எழுத்துக் குழப்பத்தைக்கூடப் பழக்கத்தில் சமாளித்துவிடலாம். பெயர்களின் வறுமையைச் சமாளிப்பது கடினம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் முன்னெழுத்து. புனிதர்களின் பெயர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. திருச்சி, தஞ்சை வட்டாரத்தின் எந்தப் பெரிய பங்கிலும் 'அந்தோணி மகன் சவரிமுத்து' ஒரு தலைமுறைக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள். தேடுகிறவர் முதலில் கண்ணில் பட்டவரைத் தம் பாட்டனாக வரித்துக்கொண்டு, அங்கிருந்து மேலே நான்கு தலைமுறை ஏறி, ஒரு வம்ச மரம் வரைந்து சட்டம் போட்டு மாட்டிவிடுகிறார். மரம் அழகாகத்தான் இருக்கும், வேறு யாருடையதாகவோ. ஒரு நாளில் ஒரு சடங்கு நடந்தது என்பதற்கு ஏடு சாட்சி. அந்தச் சவரிமுத்துதான் இந்தச் சவரிமுத்து என்று அது எங்கும் சொல்வதில்லை. அதைச் சொல்பவர் தேடுகிறவர்.

இங்கேதான் ஓரம் உதவிக்கு வருகிறது. 1907-இல் வெளியான 'நே தெமெரே' ஆணை 1908 ஈஸ்டர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒருவரின் திருமணத்தை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் அருகிலும் குறிக்க வேண்டும். வேறு ஊரில் ஞானஸ்நானம் பெற்றவர் என்றால், மணமுடித்து வைத்த சாமியார் அந்த ஊர்ப் பங்குக்கு எழுதி அனுப்ப வேண்டும். இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் விதியும் இதையே சொல்கிறது. மலாயாவுக்கு ஆள் கட்டும் வேகம் கூடிய காலமும் இந்த ஆணையின் காலமும் ஒன்றாக அமைந்துபோனது நம் அதிர்ஷ்டம். ஜொகூரில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி கல்யாணம் செய்துகொண்டால், விதிப்படி அந்தச் செய்தி கடல் கடந்து அவர் ஊர்க் கோவில் ஏட்டின் ஓரத்தில் போய் உட்கார வேண்டும். மணமகள் பெயர், தேதி, இடம். இப்படி ஒரு குறிப்பு கிடைத்துவிட்டால் நாலைந்து சவரிமுத்துகளில் நம்முடையவர் யார் என்ற கேள்வி அங்கேயே முடிந்தது.

எல்லாச் சாமியார்களும் அப்படி எழுதி அனுப்பவில்லை, எல்லாக் கடிதங்களும் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை. அதனால்தான் தேடலை ஞானஸ்நான ஏட்டில் தொடங்காமல் திருமண ஏட்டில் தொடங்கச் சொல்வேன். மணமக்கள் எந்தப் பங்கில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்று பார்க்காமல் கோவிலில் தாலி ஏறாது. ஊர்ப் பெயர் எழுத்தில் கிடைக்கும் முதல் இடம் பெரும்பாலும் அதுதான்.

திருமண ஏட்டில் நம்மவர்களுக்கென்றே ஒரு புதையலும் இருக்கிறது. அத்தை மகள், மாமன் மகன், அக்காள் மகள் என்று முறைப்படி கட்டுவது நம் வழக்கம். திருச்சபைக்கு அது இரத்த உறவுத் தடை. விலக்கு வாங்கினால்தான் கல்யாணம். அந்த விலக்கு எந்தப் படிநிலை உறவுக்கு என்பதைப் பதிவில் குறிப்பதுண்டு. மணமகனும் மணமகளும் இரண்டாம் படி உறவினர் என்று எழுதியிருந்தால், அவன் பெற்றோரில் ஒருவரும் அவள் பெற்றோரில் ஒருவரும் உடன்பிறந்தவர்கள் என்று பொருள். ஐரோப்பாவுக்காக எழுதிய சட்டம் நம் முறைக் கல்யாணத்தோடு மோதி, நமக்கு வம்சாவளிச் சான்றை விட்டுச் சென்றிருக்கிறது. தேடல் வழிகாட்டி நூல்கள் மேற்கத்தியக் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை, அவை இதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

ஞானப்பெற்றோர் பெயர்களும் அப்படித்தான். ஒரே வீட்டின் நாலு பிள்ளைகளையும் யார் யார் கையில் ஏந்தி நின்றார்கள் என்று வரிசையாக எழுதிப் பார்த்தால் சித்தப்பாவும் அத்தையும் தெரிவார்கள், கூடவே கப்பலேறிய ஊர்க்காரர்களும் தெரிவார்கள். ஆனால் தோட்டத்து உபதேசியார் ஞானத்தந்தையாக நின்ற பதிவுகளை ஒதுக்கிவைக்க வேண்டும். அவர் யாருக்கு வேண்டுமானாலும் நின்றிருப்பார். சாமியார் எப்போதாவது தோட்டத்துக்கு வரும் நாளில் பல பிள்ளைகளுக்கு ஒன்றாகத் தண்ணீர் ஊற்றியிருப்பார். அந்த நாளில் தாய்மார் வாயால் சொன்ன பிறந்த தேதிகளை அங்குலக் கணக்கில் நம்ப வேண்டாம். சூராட் பெரானாக் என்ற பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, கோவில் ஏட்டில் வேறொரு தேதி என்றால் பதற வேண்டியதும் இல்லை.

ஏட்டில் இல்லாதவர்கள்தான் என்னை அதிகம் உறுத்துகிறார்கள். ஜப்பானியர் காலத்தில் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். திரும்பாதவர்களுக்கு அடக்கப் பதிவு எழுத அங்கே யார் இருந்தார்கள்? ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம் என்று வரிசையாகப் போகும் ஒரு மனிதனின் தடம் 1942-க்குப் பிறகு சட்டென்று நின்றுவிடும். அவன் மனைவி மறுமணம் செய்துகொண்டிருந்தால் மட்டும் ஒரு வாய்ப்பு உண்டு. கணவன் இறந்ததற்குச் சான்று இல்லாமல் திருச்சபை இரண்டாம் திருமணத்தை அனுமதிக்காது. அந்தக் கோப்பில், உடன் போய்த் திரும்பி வந்த ஒருவரின் வாக்குமூலம் இருக்கலாம்.

கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் பெற்ற பெண்களின் கதை வேறு. மாரியாயி என்று பிறந்தவள் மரியம்மாளாகி ஏட்டில் நுழைகிறாள். பெற்றோர் கிறிஸ்தவர் அல்லாதவர் என்று ஒரு சொல்லில் அவள் பிறந்த குடும்பம் கடந்துபோகிறது. மனம் மாறிய முதல் முன்னோர் விஷயத்திலும் இதேதான் நடக்கிறது. ஏடு அங்கே தொடங்குவதால் வம்சமே அங்கே தொடங்குவதாக நினைத்துக்கொள்கிறோம். அவருடைய அண்ணன் தம்பி பிள்ளைகள் அதே ஊரில் இன்றும் அம்மன் கோவிலுக்கு வரி கொடுத்துக்கொண்டு இருக்கலாம். அந்தப் பங்காளிகளைத் தேடிப் போக ஏடு ஒருபோதும் சொல்லாது.

'ஊர்ப் பெயர் தெரிகிறது, அந்த ஊர்க் கோவிலில் பதிவு இல்லை' என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் நிர்வாகம். இன்று தனிப் பங்காக இருக்கும் ஊர் 1900-இல் இன்னொரு பங்கின் கிளையாக இருந்திருக்கும், ஏடு அந்தத் தாய்ப் பங்கில் கிடக்கும். மறைமாவட்டங்களும் பிரிந்துகொண்டே இருந்தன. கும்பகோணம் 1899-இல், சேலம் 1930-இல், தஞ்சாவூர் 1952-இல். தஞ்சைப் பகுதியின் பல கோவில்கள் அதுவரை மயிலாப்பூர் மறைமாவட்டத்தின் கீழ் இருந்தன. போர்த்துக்கல் அரசுரிமைச் சாமியார்களும் உரோமை அனுப்பிய சாமியார்களும் ஒரே வட்டாரத்தில் எதிரெதிராகக் கோவில் நடத்திய காலத்தில், ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் இரண்டு ஏடுகளில் சிதறியிருக்கலாம். புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு மட்டும் பிரெஞ்சு அரசின் குடிமைப் பதிவு தனியே உண்டு.

இந்தப் பக்கமும் அதே கதைதான். ஜொகூரும் சிங்கப்பூரும் 1972 வரை ஒரே மறைமாவட்டம். அந்த ஆண்டில்தான் மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டம் தனியானது. 1888-இல் திறந்த சிங்கப்பூர் ஓஃபிர் சாலை லூர்து மாதா கோவில் தமிழர்களுக்கென்றே எழுந்தது. தென் ஜொகூரில் பதிவு கிடைக்காதவர்கள் அங்கே கேட்க வேண்டும், வடக்கே மூவார், தங்காக் பக்கத்தவர்கள் மலாக்காவையும் பார்க்க வேண்டும். மலாக்கா புனித பேதுரு கோவில் 1981 வரை மக்காவ் ஆயரின் கீழ் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

ஏடு எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டுமா என்ற கேள்வியில் நான் ஏட்டைத் திறந்துகாட்டத் தயங்கும் பங்கு அலுவலகச் செயலர்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். தந்தை பெயர் இல்லாத பதிவுகள் உண்டு, தத்துப் பிள்ளைகள் உண்டு. தமிழ்நாட்டுப் பழைய ஏடுகள் சிலவற்றில் சாதியும் எழுதியிருக்கும். மலேசியாவில் மூன்று தலைமுறையாக அதைப் பேசாமல் வாழ்ந்த வீட்டில் அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்று தேடுகிறவர் யோசிப்பதில்லை. அதற்காக அதை அழிக்கச் சொல்வதும் தவறு. தம் சொந்த நிலையைப் பற்றிய பதிவின் நகலைக் கேட்கும் உரிமை சம்பந்தப்பட்டவருக்குத் திருச்சபைச் சட்டத்தின் 487-ஆம் விதியில் இருக்கிறது. அடுத்த வீட்டுப் பதிவைப் புரட்டும் உரிமை இல்லை.

அமெரிக்காவின் யூட்டா வம்சாவளிச் சங்கத்துக்கு ஏடுகளைப் படமெடுக்கக் கொடுக்க வேண்டாம் என்று 2008-இல் வத்திக்கான் மறைமாவட்டங்களுக்கு எழுதியது. மறைந்தவர்களுக்கு அவர்கள் பெயரால் ஞானஸ்நானம் கொடுக்கும் மோர்மோன் வழக்கம்தான் காரணம். இறையியல் காரணம் புரிகிறது. ஆனால் கரையானும் ஈரக்காற்றும் இறையியல் பார்ப்பதில்லை. வெளியாருக்குத் தர மாட்டோம் என்றால் மறைமாவட்டமே படமெடுத்து வைக்க வேண்டும். படமெடுப்பதைவிட எளிது என்று பட்டியல் தட்டச்சு செய்து வைப்பதும் ஒரு வழக்கம். பெயர், தேதி, பெற்றோர் என்று நான்கு கட்டங்களை நிரப்பிவிட்டு ஞானப்பெற்றோரையும் ஓரக் குறிப்பையும் இடமில்லை என்று விட்டுவிட்டால், நாலைந்து சவரிமுத்துகளும் மறுபடி ஒன்றாகிவிடுவார்கள். அந்த இரண்டு கட்டங்களையும் முதலில் சேர்த்துவிட்டு மற்றதைப் பிறகு தட்டச்சு செய்தால்கூட நஷ்டமில்லை.