தன்னை விவரிக்கும் தரவுத்தளம்: ஒரு மதிப்பீடு

தரவுத்தளம் ஒன்றிலே தரவு உண்டு. அத்தரவு எவ்வாறு அமைந்துள்ளது என்னும் விவரணமும் உண்டு. எவ்வெவ் அட்டவணைகள் உள்ளன, அவற்றின் நிரல்கள் யாவை, ஒவ்வொரு நிரலும் எவ்வகைத் தரவை ஏற்கும் என்பனவே அவ்விவரணமாகும். இதனை எவர், எம்மொழியில் வினவலாம் என்பது தொழினுட்பம் மாத்திரம் சார்ந்த பிரச்சினையன்று. அமைப்பு பற்றிய அறிவு ஆக்கியோனுக்கு மட்டும் உரியதா, பயன்படுத்துவோர்க்கும் உரியதா என்னும் வினாவும் அதனுள் அடங்கும்.

தொடர்புசார் மாதிரியை 1970 இல் முன்வைத்த எட்கர் கொட், 1985 இல் வெளியிட்ட பன்னிரு விதிகளுள் நான்காவது விதியில் இதற்கு விடை பகர்ந்தார். விவரணமும் ஏனைய தரவு போன்றே அட்டவணையாக அமைதல் வேண்டும்; உரிமை பெற்ற பயனர் தரவை வினவும் அதே மொழியால் அதனையும் வினவ இயலவேண்டும் என்பது அவ்விதியின் சாரம். இது ஏட்டளவில் நின்ற இலட்சியமன்று. 1970களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுகூடத்தில் உருவான சிஸ்டம் ஆர் தனது விவரணத்தை அட்டவணைகளாகவே பேணியது.

இவ்வேற்பாட்டின் சிறப்பு நுணுகி நோக்கற்பாலது. மாணவர் அட்டவணையில் நிரலாக நிற்கும் 'பெயர்', விவரண அட்டவணையில் ஒரு நிரையாகிவிடுகின்றது. ஆகவே, எஸ்.கியூ.எல். மொழியின் 'செலக்ட்' கூற்றைக் கற்றவர் அமைப்பை அறியப் பிறிதொரு மொழி கற்க வேண்டியதில்லை. போஸ்ட்கிறெஸ் முறைமையில், அட்டவணைகளைப் பட்டியலிடும் அட்டவணையிலே அவ்வட்டவணைக்கும் ஒரு நிரை உண்டு.

எனினும் குறைகளும் உள. முதலாவது, விவரண அட்டவணைகளின் பெயரும் அமைப்பும் முறைமைக்கு முறைமை வேறுபட்டன. 1992 ஆம் ஆண்டின் எஸ்.கியூ.எல். நியமம் 'இன்போமேஷன் ஸ்கீமா' என்னும் பொது வடிவை வகுத்தது. போஸ்ட்கிறெஸ், மை எஸ்.கியூ.எல். முதலியன அதனை ஏற்றன. ஒறக்கிள் தனது சொந்த அகராதிக் காட்சிகளையே தொடர்ந்து பேணுகின்றது. எஸ்.கியூ.லைட் முறைமையோ அட்டவணையை ஆக்கிய கட்டளையை வெறும் வாசகமாக ஒரு நிரலில் இட்டுவைக்கின்றது. விவரணம் அட்டவணையில் உண்டு. ஆயின் நிரல்களைத் தனித்தனியே அறிய 'பிரக்மா' என்னும் வேறு வழியை நாட வேண்டியுள்ளது. விதியின் சொல் காக்கப்பட்டது. அதன் நோக்கம் தளர்ந்தது.

இரண்டாவது, நியமக் காட்சிகள் பயனருக்கு உரிமையுள்ளவற்றை மட்டுமே காட்டும். பாதுகாப்பு நோக்கில் இது தக்கதே. ஆயினும் விடையாக ஒரு நிரையும் வராதவிடத்து, பொருள் இல்லையா, காணும் உரிமை இல்லையா என்பதை அவ்விடை உணர்த்துவதில்லை. குறைவுபட்ட விடை முழுவிடை போலவே தோன்றும்.

மூன்றாவதே மிக ஆழமான குறை. 'நிலை' என்னும் நிரல் முழுவெண் வகையது, வெற்றாக இருத்தலாகாது என விவரணம் கூறும். அதிலுள்ள 3 பட்டம் பெற்றவரைக் குறிக்கின்றதா, இடைவிலகியவரைக் குறிக்கின்றதா என அது கூறாது. விளக்கக் குறிப்பு எழுதச் சில முறைமைகள் இடமளிப்பினும், எழுதுமாறு எம்முறைமையும் வற்புறுத்துவதில்லை. ஆக்கியோர் விலகியபின் எஞ்சுவது பொருளற்ற வடிவமே.

கொட்டின் விதி வடிவம் பற்றிய அறிவை அனைவர்க்கும் பொதுவாக்கிற்று; அப்பெருமை மறுத்தற்கரியது. பொருள் பற்றிய அறிவோ இன்னும் ஆக்கியோரின் நினைவிலேயே தங்கியுள்ளது. அதனை எழுதிவைக்கும் கடமையை எவ்வினவல் மொழியும் அவர்களிடமிருந்து நீக்கிவிடவில்லை.