தேர்ந்தெடுக்காத குரல்

தமிழில் ரேடியோ பற்றி விமர்சனம் என்று ஒன்று இருந்ததில்லை. சினிமாவுக்கு இருந்தது, நல்லதோ கெட்டதோ. நாடகத்துக்கும் சங்கீதத்துக்கும் இருந்தது. ரேடியோவுக்கு இருந்தது நிகழ்ச்சி நிரல். ஆல் இந்தியா ரேடியோ 'வானொலி' என்று ஒரு பத்திரிகையே நடத்தியது. எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு யார் பேசுவார் என்பது அதில் இருக்கும். பேசியது எப்படி இருந்தது என்பது எங்குமே இருக்காது. சோ. சிவபாதசுந்தரம் 1950களில் 'ஒலிபரப்புக் கலை' எழுதினார். இலங்கை வானொலியிலும் பி.பி.சி.யிலும் இருந்து அனுபவப்பட்டவர். ஆனால் அது மைக்கின் முன்னால் உட்காருபவனுக்கான புத்தகம். பெட்டிக்கு முன்னால் உட்காருபவன் பக்கமிருந்து ஒன்றும் வரவில்லை.

இத்தனைக்கும் நம் எழுத்தாளர்களில் கணிசமான பேர் அந்த ஸ்தாபனத்தில் சம்பளம் வாங்கியவர்கள். தி. ஜானகிராமன் கல்வி ஒலிபரப்பில் இருந்தார். சிட்டி இருந்தார், மீ.ப. சோமு இருந்தார், சுகி சுப்பிரமணியம் இருந்தார். சம்பளம் வாங்காதவர்கள் செக் வாங்கினார்கள். பதினைந்து நிமிஷப் பேச்சு, ஒரு சிறுகதை வாசிப்பு, ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்து. திருச்சிக்குப் பஸ் ஏறிப் போய் வாசித்துவிட்டு வந்து, அந்தக் கதையை அப்படியே ஒரு பத்திரிகைக்கும் அனுப்பிவிடுவார்கள். குரலுக்காக எழுதியது, கண்ணுக்காக எழுதியது என்ற வித்தியாசம் பற்றி யாரும் அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

இதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. விமர்சனத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க ஒரு பிரதி வேண்டும். காற்றில் போனது போனதுதான். ஒலிநாடா விலை உயர்ந்தது. ஒரு நிகழ்ச்சிக்கு மேல் இன்னொன்றைப் பதிவு செய்துகொண்டே போனார்கள். ஆக ஒரு தலைமுறையின் குரல்கள் பற்றி நமக்கு எஞ்சியிருப்பது ஞாபகம் மட்டும். ஞாபகம் எதையும் இனிமையாக்கிவிடும். இன்று இலங்கை வானொலி பற்றியும் சரோஜ் நாராயணசுவாமியின் செய்தி வாசிப்புப் பற்றியும் எழுதப்படுபவை எல்லாம் வாலிபத்தைப் பற்றிய ஏக்கங்கள். ரேடியோ அதற்கு ஒரு சாக்கு.

டிஜிட்டல் வந்ததில் இந்தச் சாக்கு போயிற்று. குரல் இப்போது கோப்பாகக் கிடக்கிறது. நிறுத்தலாம், திருப்பலாம், பத்து வருஷம் கழித்துக் கேட்கலாம். முதல் தடவையாகத் தமிழ்க் குரலை ஒரு பிரதியாக எதிர்கொள்ள முடிகிறது. எதிர்கொண்டால் என்ன தெரிகிறது என்பதைச் சொல்லுமுன், நான் கேட்கிற இடத்தைச் சொல்லிவிட வேண்டும். ரேடியோவுக்கு இடம் முக்கியம்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையிலுள்ள இந்தக் கரை எப்போதும் பிறர் குரலையே கேட்டு வந்த பிரதேசம். நிகழ்ச்சி தயாரிக்கும் ஆல் இந்தியா ரேடியோ நிலையம் என்று கடலூருக்கு ஒன்று அமையவில்லை. 1938ல் சென்னை, 1939ல் திருச்சி, 1967ல் புதுச்சேரி. இவற்றுக்கு நடுவில் ஊசி எங்கே நிற்கிறதோ அது நம் நிலையம். ராத்திரியானால் கடல் தாண்டிக் கொழும்பு. 1950களில் பி.வி. கேஸ்கர் மந்திரியாக இருந்து சினிமாப் பாட்டை ஒடுக்கியபோது இந்தக் கரையே இலங்கைக்கு மாறிப்போயிற்று. பரங்கிப்பேட்டையிலும் புதுச்சத்திரத்திலும் டீக்கடைக்காரர்கள், சொந்த மாநிலத்தின் எந்த அறிவிப்பாளரையும்விட மயில்வாகனனையும் கே.எஸ். ராஜாவையும் நெருக்கமாக அறிந்திருந்தார்கள். விவித் பாரதி 1957ல் வந்தது, இந்த ஓட்டத்தைத் தடுக்கத்தான். தடுத்தது என்று சொல்ல முடியாது.

சிதம்பரம் ஒரு தடவை நிலையத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டதுண்டு. 1941ல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடிய பிறகு, ரேடியோவில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் கோரிக்கைகளில் ஒன்றாயிற்று. கேட்பவன் தன்னைக் கேட்பவன் என்று உணர்ந்து பேசிய அபூர்வமான சந்தர்ப்பம் அது. அதற்குப் பிறகு ரேடியோவைப் பற்றி நாம் போட்ட பெரிய சண்டை அதன் பெயரைப் பற்றியது. ஆகாசவாணியா, வானொலியா? 1950களின் இறுதியில் ஒரு முறை. 2023 மே மாதம் 'ஆல் இந்தியா ரேடியோ' என்பதை விட்டுவிட்டு ஆகாசவாணி என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தபோது மறுபடி ஒரு முறை. நியாயமான சண்டை, மறுக்கவில்லை. பெயருக்குக் கீழே இருந்த குரலைப் பற்றி யாராவது சண்டை போட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அந்தக் குரல் சாதித்தது ஒன்று உண்டு. அது நாடகத்தில் இல்லை. நாடகங்கள் பெரும்பாலும் சபா நாடகத்தின் நிழல். வானிலை அறிக்கையில் இருக்கிறது. 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்', 'வடமேற்கு திசையில் நகர்ந்து', 'புயல் எச்சரிக்கைக் கூண்டு' — எந்தக் கவிஞனும் செய்யாத இந்த வறண்ட தமிழை, கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வலை உலர்த்துகிற எழுத்தறியாத கிழவர் தடங்கலில்லாமல் சொல்வார். மொழிபெயர்ப்புத் தமிழ்தான், ஆனால் தினமும் ஒரே நேரத்தில், ஒரே சுருதியில், பரபரப்பில்லாமல் சொல்லப்பட்டு, உயிரோடு சம்பந்தப்பட்டதால் பேச்சாகிவிட்டது. புதிய சொல்லைப் பேச்சாக்க நம் நவீன கவிதைக்கு முடியாத காரியம் அது. எதனால் முடிந்தது? கேட்கிறவன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பாட்டுக்காகத் திருப்பி வைத்திருந்தான். நடுவில் அது வந்து விழுந்தது.

டிஜிட்டல் மாற்றியிருப்பது இதைத்தான். ஒலியின் தெளிவு பற்றிய பேச்செல்லாம் வியாபாரிகள் பேச்சு. முன்பு குரல் ஒரு நேரத்தில் வந்தது, நாம் அங்கே இருந்தோம் அல்லது இல்லை. இப்போது குரல் காத்திருக்கிறது. பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் 30ம் தேதியோடு வானொலியை நிறுத்திக்கொண்டது, 76 வருஷத்துக்குப் பிறகு. மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் தமிழ்ப்பணி 2018ல் சிற்றலையை விட்டு இணையத்துக்குப் போயிற்று. ஆல் இந்தியா ரேடியோவின் நிலையங்கள் எல்லாம் இப்போது ஒரு செல்போனுக்குள் கிடைக்கின்றன. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் ஐம்பது பேர் ஐம்பது வேறு குரல்களைக் காதில் செருகிக்கொண்டு போகிறார்கள். இதில் துக்கப்பட ஒன்றுமில்லை என்று நினைக்கிற நண்பர்கள் உண்டு. டீக்கடைப் பெட்டி ஒருவன் விருப்பத்தை ஊருக்குத் திணித்தது, இப்போது அவனவன் ரஸனை அவனவனுக்கு என்பார்கள். மார்கழி விடியற்காலையில் சிதம்பரத்தின் வீதிகளில் ஒலிபெருக்கியோடு தூக்கத்தைப் பங்கு போட்டவன் என்ற முறையில் இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் அந்த ரஸனை என்ன செய்திருக்கிறது என்று பார்க்கலாம். புதுமைப்பித்தன் பிறந்தது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், 1906ல். அவர் எழுத்துக்கள் 2002ல் நாட்டுடைமையாயின. ஆகவே யாரும் வாசிக்கலாம், வாசிக்கிறார்கள். இணையத்தில் அவர் கதைகளைக் குரலில் கேட்க இன்று முடிகிறது. ரேடியோவின் பொற்காலத்தில் இது கனவு. ஒரு மாதமாக அவற்றைக் கேட்டேன். நான் கேட்டவற்றில் பெரும்பாலானவற்றில் புல்லாங்குழலோ வீணையோ பின்னால் அழுதுகொண்டிருக்கிறது. குரல் முதல் வாக்கியத்திலேயே இரக்கப்பட்டுவிடுகிறது. புதுமைப்பித்தனின் வாக்கியம் முகத்தை வைத்துக்கொண்டு சிரிக்காமல் குத்துவது. அதை வாசிப்பவர் எங்கே சிரிக்க வேண்டும், எங்கே உருக வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறார். கேலி போய் அனுதாபம் நிற்கிறது. இது எழுத்துக்கு எதிரான ஒரு வியாக்யானம். வாசிப்பவருக்கே அது தெரியாது.

இந்தக் குரல் எங்கிருந்து வந்தது? பாதி பக்திச் சொற்பொழிவிலிருந்து, பாதி தனியார் எப்.எம்.மின் ராத்திரி நிகழ்ச்சியிலிருந்து. தேர்ந்தெடுத்து வருகிற நேயன் போய்விடக் கூடாதே என்ற பயம் அதன் ஒவ்வொரு மூச்சிலும் இருக்கிறது. பழைய செய்தி வாசிப்பாளருக்கு இந்தப் பயம் இல்லை. கேட்பவன் எங்கே போவான்? அந்த அலட்சியம் அதிகார வர்க்கத்தின் அலட்சியம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு வாக்கியத்தை அதன் பாட்டுக்கு விட்டுவிடும் நிதானம் அதிலிருந்துதான் கிடைத்தது. இவ்வளவையும் நான் சொல்ல முடிவது கோப்பைத் திருப்பித் திருப்பிக் கேட்க முடிந்ததால் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இனி கடலுக்கு வருகிறேன். மத்திய அலை நிலத்தை ஒட்டிப் போகும். உப்பு நீரின் மேல் இன்னும் வெகுதூரம் போகும். எப்.எம். பார்வை எட்டுகிற தூரத்தோடு ஏறக்குறைய சரி. செல்போன் கோபுரமோ கரையிலிருந்து சில கடல் மைல் தாண்டினால் கைவிட்டுவிடும். மத்திய அலையை டிஜிட்டலாக்க டி.ஆர்.எம். என்று ஒரு முறை உண்டு. ஆல் இந்தியா ரேடியோ முப்பதுக்கும் மேற்பட்ட டிரான்ஸ்மிட்டர்களை அதற்கு மாற்றியிருக்கிறது. அதை வாங்கும் பெட்டி பெரும்பாலும் புதுக் கார்களில் இருக்கிறது. கட்டுமரத்தில் இல்லை. நகரத்துக் காதுக்குத் தெளிவு கூடக் கூட, கடலில் இருப்பவனுக்குக் குரல் குறைந்துகொண்டு போகலாம் என்பது தொழில்நுட்ப விஷயம் மாத்திரமல்ல.

2004 டிசம்பர் 26. சுமத்ராவில் பூமி நடுங்கியது நம் நேரம் காலை ஆறரை. அலை இங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. எச்சரிக்கை வரவில்லை. தேவனாம்பட்டினத்திலும் சோனங்குப்பத்திலும் சிங்காரத்தோப்பிலும் கிள்ளைப் பக்கம் எம்.ஜி.ஆர். திட்டிலும் செத்தார்கள். கடலூருக்கு வடக்கே, புதுச்சேரி எல்லைக்குள் நல்லவாடு என்று ஒரு மீனவக் கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் வைத்திருந்தது. இணையத்திலிருந்து அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. அன்று சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் விஷயத்தை அறிந்து வீட்டுக்குப் போன் செய்தார். மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் ஓடச் சொன்னார்கள். 3,500க்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள்.

இணையம், செல்போன், ஒலிபெருக்கி. இவற்றில் எது புதுசு எது பழசு என்ற கேள்வி அங்கே அர்த்தமற்றது. கடைசிக் கண்ணி மட்டும் வேறு மாதிரியாக இருக்க முடியாது. கேட்கத் தேர்ந்தெடுக்காதவன் காதில் அது விழுந்தாக வேண்டும். அதுவும் தெரிந்த குரலில்.

2011 டிசம்பர் 30ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. மின்சாரம் இல்லாத நாட்களில் சார்ஜ் போடாத செல்போன்கள் செத்த மீன் மாதிரிக் கிடந்தன. பரணிலிருந்து டிரான்ஸிஸ்டர்கள் இறங்கின. இரண்டு பேட்டரி செல் போதும்.

பிறகு 2015. நவம்பர் மழையில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர். மாவட்டமே தண்ணீர். அந்த வெள்ளத்தைத் தொடர்ந்து, டிசம்பரில், கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் தற்காலிகமாக ஒரு எப்.எம். நிலையம் வைத்தார்கள். பேரிடர் கால வானொலி, 107.8. சமூக வானொலிகளில் பழகியவர்கள் வந்து உதவினார்கள். நிவாரணம், குடிநீர், சுகாதாரம் பற்றிச் சொன்னது அது. முக்கால் நூற்றாண்டாகச் சென்னையையும் திருச்சியையும் கொழும்பையும் டில்லியையும் கேட்டுக்கொண்டிருந்த கடலூர், கடலூரிலிருந்து கடலூரைப் பற்றிக் கடலூருக்குச் சொல்லப்படுவதைக் கேட்டது. இதற்கு வெள்ளம் தேவைப்பட்டது.

கலையாக அதை யாரும் எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம், எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வண்டி என்று தெருப் பெயரோடு சொல்லும் வாக்கியத்துக்கு அலங்காரம் ஒட்டாது. பின்னால் புல்லாங்குழல் வைக்க முடியாது. கேட்பவன் போய்விடுவானோ என்று பயந்து குழையவும் முடியாது. நம் கதை வாசிப்பாளர்கள் குரலைக் கற்றுக்கொள்ளப் போக வேண்டிய இடம் அது.

தண்ணீர் வடிந்தது, நிலையத்தை எடுத்துவிட்டார்கள். தற்காலிகம் என்று சொல்லித்தான் வைத்தார்கள், ஆகவே ஏமாற்றிவிட்டதாகச் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் மத்திய மந்திரிசபை 234 புதிய ஊர்களில் தனியார் எப்.எம். ஏலத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. பட்டியலில் நெய்வேலி இருக்கிறது. அங்கே என்ன குரல் வரும் என்று எனக்கு ஓரளவு ஊகம் உண்டு. புதுச்சேரியிலிருந்து இப்போதே அது கேட்கிறது.

அது வரும்வரை என்னிடமுள்ள பழைய பெட்டியில் 107.8ல் இரைச்சல்தான். ஊசியை நான் இன்னும் நகர்த்தவில்லை.