நெருங்கினால் வலுவா?

இணையத்தில் வரும் காதல் கவிதைகளில் வேதியியல் பிணைப்பு அடிக்கடி தலைகாட்டுகிறது. நெருங்க நெருங்க வலு கூடும் என்பதே எப்போதும் அதன் சாரம். கல்லூரியில் நானும் இப்படி ஒன்று எழுதியிருக்கிறேன். பிளஸ் டூ பாடத்தில் பாதிதான் எங்களுக்கெல்லாம் மனதில் நின்றிருக்கிறது.

கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பின் நீளம் 154 பிக்கோமீட்டர், இரட்டைப் பிணைப்பு 134, முப்பிணைப்பு 120. உடைக்க மோலுக்குச் சுமார் 347, 614, 839 கிலோஜூல். இதுவரை கவிஞர்கள் பக்கம்தான் நியாயம். (இரட்டை என்றால் இரு மடங்கு வலு இல்லை, அது போகட்டும்.) ஆனால் ஃபுளூரினைப் பாருங்கள். அதன் இரண்டு அணுக்களுக்கு இடையே 142தான், குளோரினில் 199. குளோரினை உடைக்க 242 கிலோஜூல் வேண்டும், ஃபுளூரினுக்குச் சுமார் 159 போதும். சின்ன அணுக்கள். பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடிகள் அவ்வளவு பக்கத்தில் ஒன்றையொன்று தள்ளுகின்றன.

ராஜபாளையம் நூற்பாலைக்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள வேதியியலே வேண்டாம். முறுக்கு ஏற ஏற நூலுக்கு வலு ஏறும். ஓர் அளவைத் தாண்டினால் இறங்கும், அப்புறம் அறும்.

அங்கிருந்து பஸ் ஏறினால் பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர், ஆண்டாளின் ஊர். நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் பெரும்பகுதி, வராதவனைப் பற்றிக் குயிலிடமும் சங்கிடமும் மேகத்திடமும் பேசுவது. அந்தத் தொலைவை அவள் சுருக்கிக் காட்டுவதில்லை. கோபமும் அதிலேயே இருக்கிறது. நம் கவிதைகளில் இருவரும் ஒட்டியதும் கவிதை முடிந்துபோகுது. தள்ளுகிற எலக்ட்ரான்களுக்கு இடமே கிடையாது. ஃபுளூரினை வைத்து ஒரு காதல் கவிதை இன்னும் என் கண்ணில் படவில்லை.