பழைய தையல் மெஷின்: இலங்கை வழக்கம், இந்திய வழக்கம், பேராக் வீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தமிழ் வீடுகளில் இன்றும் கிடக்கும் கால்மிதித் தையல் மெஷின்களில் அதிகம் காணப்படுபவை சிங்கரும், அதன் 15ஆம் வகையைப் பின்பற்றி ஷாங்காயில் செய்யப்பட்ட பட்டர்ஃபிளையும்தான். இவற்றைப் பழுது நீக்கித் தைக்கப் பழகுவதில் இங்குள்ள தமிழர் இரண்டு வழக்கங்களுக்கு வாரிசுகள். ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டத் தமிழகத்திலிருந்து வந்தவர்களுடையது ஒன்று. ரயில்வே வேலைக்கும் அரசாங்க எழுத்தர் வேலைக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து தைப்பிங், ஈப்போ போன்ற நகரங்களுக்கு வந்தவர்களுடையது மற்றொன்று. கோலகங்சாரில் முதல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டது 1877இல். கொழும்புப் புறக்கோட்டையில் சிங்கர் கடை திறந்ததும் அதே ஆண்டில்தான்.

இலங்கையில் தையல் மெஷின் என்றால் நெடுங்காலம் சிங்கர் ஒன்றுதான். விற்பதும், தவணையில் பணம் வாங்குவதும், தைக்கச் சொல்லிக்கொடுப்பதும், பழுது பார்ப்பதும் அதே நிறுவனத்தின் வேலை. தவணைமுறையை 1856இல் அமெரிக்காவில் தொடங்கிவைத்தவர் சிங்கரின் பங்காளி எட்வர்ட் கிளார்க். ஒரேயடியாகப் பணம் கட்ட முடியாத குடும்பத்துக்கும் மெஷின் கிடைத்தது அந்த முறையால்தான். ஆகவே இலங்கையில் அது முதலில் வீட்டுச் சொத்து, பிறகே தொழில் கருவி. பராமரிப்பும் வீட்டோடு ஒட்டியது. 1990க்குப் பின் போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாயிற்று. மின்சாரம் கேட்காத கால்மிதி மெஷினின் அருமை அந்த ஆண்டுகளில் தெரிந்தது. எண்ணெய் இறுகிவிட்டால் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவ வழியில்லாததால், இறுக விடாமல் பார்த்துக்கொள்வதே ஒரே வழியாக இருந்தது.

இந்தியாவின் கதை வேறு. 1930களில் கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் உஷா மெஷினைச் செய்யத் தொடங்கியது. விடுதலைக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. சிங்கரின் இந்தியக் கிளையே ‘மெரிட்’ என்ற பெயரில் உள்நாட்டு மெஷின் விற்றது. லூதியானாவின் சிறு பட்டறைகள் உதிரிப் பாகங்களைக் குவித்தன. இயந்திரங்களைக் குறித்து அத்தனை கடுமையாகப் பேசிய காந்தியும் சிங்கர் மெஷினுக்கு விலக்கு அளித்தார். 1924இல் அதை அவர் சொன்னது சாந்திநிகேதன் மாணவர் ஜி. ராமச்சந்திரனிடம், பிற்காலத்தில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவர் அவர். வீட்டு உபயோகத்துக்கான கறுப்பு இந்திய மெஷின்களில் பெரும்பாலானவை சிங்கர் 15ஐ ஒட்டியவை. அதனால் ஸ்காட்லாந்தில் செய்த பழைய சிங்கர் 15க்கும் லூதியானா பாபின் கேஸ் பொருந்திவிடுகிறது. தமிழகக் கடைத்தெரு மெக்கானிக்குக்குப் பழுது நீக்குவது என்றால் பாகத்தை மாற்றுவது. வேலை விரைவாக முடியும், செலவும் குறைவு. ஆனால் இன்னும் உழைக்கக்கூடிய பழைய எஃகுப் பாகம் போய் மட்டமான வார்ப்பு வந்து உட்காருவதும், தங்கப் பூவேலை தெரியாதபடி மெஷினின் தலைக்குப் புதுச் சாயம் பூசுவதும் நடக்கின்றன. அது பெரிய இழப்பு.

தைக்கக் கற்பதிலும் வேறுபாடு உண்டு. தமிழகத்தில் ஆண்கள் கடையில் காஜா எடுப்பதிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மெஷினில் உட்கார்ந்தார்கள். பெண்களுக்குத் தையல் பயிற்சி நிலையங்களும், கீழ்நிலை, மேல்நிலை என்று அரசு நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளும் வழியாயின. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான திட்டத்தில் அரசு இலவசமாகத் தையல் மெஷின் கொடுக்கிறது. பள்ளிச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. இலங்கை அரசு 1993 முதல் பிள்ளைகளுக்குத் தைத்த சீருடையை அல்ல, சீருடைத் துணியைக் கொடுத்துவந்தது. இடையில் சில ஆண்டுகள் அதற்குப் பதில் வவுச்சர். துணியாக வருவதை வீட்டிலோ அயலிலோ யாராவது தைத்தாக வேண்டும். கற்ற கை ஆண்டுக்கு ஒருமுறையாவது மெஷினைத் தொடுவதற்கு இது காரணமாகிறது. சீருடையைக் கடையில் தைத்ததாகவே வாங்கும் பேராக்கில் அந்தக் கட்டாயம் இல்லை; மெஷின் துருப்பிடிப்பதற்குக் காற்றின் ஈரம் பாதிக் காரணம் என்றால், இது மறுபாதி.

துருவும் பிசினும் பிடித்த தலையை மீட்பதில் முதல் விதி, கைச்சக்கரத்தைப் பலவந்தமாகத் திருகாதிருப்பது. தலையைச் சாய்த்து, அடிப்புறத்து மூட்டுகளிலும் எண்ணெய்த் துளைகளிலும் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். மறுநாள் சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் பழைய எண்ணெய் கரைந்து பழுப்பாக வடியும். துடைத்தபின் தையல் மெஷின் ஆயிலே விட வேண்டும். தேங்காயெண்ணெயும் சமையல் எண்ணெயும் சில மாதங்களில் பிசினாகி மறுபடி இறுக்கிவிடும். பூவேலையின் மேல் அரக்குப் பூச்சு இருப்பதால் ஸ்பிரிட், தின்னர் இரண்டும் அதன் பக்கமே வரக்கூடாது. மெஷின் ஆயில் தொட்ட மென்துணி போதும். துணி தள்ளும் பற்களுக்கு இடையில் இறுகிய பஞ்சை ஊசியால் கிளற வேண்டும். தையல் விடுபட்டால், ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரத்தை மாற்றத் துணியும் முன் ஊசியைப் பார்க்க வேண்டும்: 15ஆம் வகையில் ஊசியின் தட்டைப் பக்கம் இடப்புறம் நிற்கும், நூல் வலமிருந்து இடமாகக் கோக்கப்படும். பழகுபவர் நூல் கோக்காமல், கோடு போட்ட தாளில் மிதித்துப் பழக வேண்டும். சக்கரம் பின்னோக்கிச் சுழலாத அளவுக்குக் கால் அடங்கிய பிறகுதான் துணி.

வரிசை எண்ணையும் அதற்கு முன்னால் உள்ள எழுத்துகளையும் கொண்டு சிங்கர் மெஷின் செய்யப்பட்ட ஆண்டை அறியலாம். வகைப் பெயர் 15K என்றால், அதில் உள்ள K ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் 1980இல் மூடப்பட்ட கில்போவி ஆலையைக் குறிக்கும்.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங் போன்ற நகர்ப்புறங்களுக்கு வந்தபோது மெஷின்களும் கூடவே வந்தன. அவற்றில் 15ஆம் வகைக்கும் பட்டர்ஃபிளைக்கும் இந்திய வழக்கமே நல்லது; உதிரி எளிதில் கிடைப்பதால் தேய்ந்ததை மாற்றலாம். நீண்ட பாபினும் படகு வடிவ ஷட்டிலும் கொண்ட சிங்கர் 27, 28, பாபின் படுத்த நிலையில் இருக்கும் சிங்கர் 66 ஆகியவற்றுக்கு அது ஒத்துவராது. அவற்றில் உள்ள பாகத்தைக் காப்பாற்றும் இலங்கை வழக்கமே தேவை. எதுவானாலும் உதிரி வாங்கப் போகிறவர் தேய்ந்த பாகத்தையும், மெஷினின் வகையையும் வரிசை எண்ணையும் எழுதிய தாளையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.