கவனிக்க வேண்டியது யார்?

புற்றுநோய் அறிகுறிகளைப் பட்டியலிடும் சுவரொட்டியை ஏதாவதொரு மருத்துவமனைச் சுவரில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். மார்பில் வலியில்லாத கட்டி, ஆறாத வாய்ப்புண், மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, உடலுறவுக்குப் பின் இரத்தக்கசிவு, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், காரணமின்றி எடை குறைதல். பட்டியலில் பிழையில்லை. வினைச்சொற்களைப் பாருங்கள்: கவனியுங்கள், தயங்காதீர்கள், தள்ளிப்போடாதீர்கள். அத்தனை கட்டளையும் பெண்ணுக்கு. அவள் சொல்வதைக் கேட்க வேண்டியவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

மணவூரில் இருந்த என் பெரியம்மா கவனித்தார். தீட்டு நின்று ஆறு வருஷம் கழித்து, “திரும்பவும் ஆவுது கண்ணு” என்று முதலில் என்னிடம்தான் சொன்னார். சென்னைக்கு ரயில் பிடிக்கும் அவசரத்தில் இருந்தேன். “சூடா இருக்கும், மோர் குடிங்க பெரியம்மா” என்றேன். மகனிடம் சொல்லக் கூச்சம், மருமகளிடம் சொன்னார். பிறகு ஒரு மருத்துவரிடம். அவர் உள்ளே பரிசோதிக்காமலே சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஏழு மாதம் கழித்துக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, வேறொரு மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வி: “ஏம்மா, இத்தனை நாள் சொல்லாம இருந்தே?”

மூன்று பேரிடம் சொன்னவரைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. அடுத்த ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக் காவடி பார்க்கப் பெரியம்மா இல்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் அதை வயிற்றுக்கடுப்பு என்றே நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். அந்தத் துக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. இதை ஒரு பெண்ணின் மன உறுதிக்குச் சான்றாக மேடைகளில் சொல்கிறோம், அது உண்மைதான். ஆனால் அதற்குள் இன்னொரு செய்தி இருக்கிறது. அக்கா மருத்துவராக இருந்த வீட்டிலேயே ஒரு பெண்ணின் அறிகுறி தவறாக வாசிக்கப்பட்டது. அறியாமை என்று நோயாளியின் மேல் பழி போட்டுவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது.

இன்னொன்றையும் சுவரொட்டி சொல்வதில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். அப்போது பெண் எதைக் கவனிப்பாள்? திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வு இதற்கு விடை வைத்திருக்கிறது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுவரையான பெண்களுக்கு, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, நிறம் வெளுக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். இந்நோயால் ஏற்படும் இறப்பு, சோதனைத் திட்டம் இல்லாத குழுவைவிட இங்கே 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் முடிவு வெளியானது. அங்கே தேடிப் போகும் பொறுப்பைச் சுகாதாரப் பணியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மணவூருக்கு அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. சதையை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையாரின் தலம். உடலை உதறிய பெண்ணைக் கும்பிட நமக்குத் தெரிகிறது. உடலில் இது நடக்கிறது என்று சொல்லும் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத்தான் தெரியவில்லை.

அந்தச் சுவரொட்டியை நான் எழுதினால் முதல் வரி பெண்ணுக்கானதாக இருக்காது. மாதவிடாய் நின்றபின் ஒரு துளி இரத்தம் பட்டது என்று உங்கள் வீட்டுப் பெண் சொன்னால், மோர் கொடுக்காதீர்கள்; அவரோடு கிளம்புங்கள். உள்ளே பரிசோதிக்காமல் மாத்திரை எழுதினால், எழுந்து வராதீர்கள்.