ஒரு சிறங்கைப் பருப்பு

தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 2011 ஜூன் முதல் அரிசிக்கு விலையில்லை. துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். குடும்ப அட்டைக்குக் கிடைக்கும் அந்த ஒரு கிலோ பருப்பை மாதம் முழுக்கப் பங்கிட்டால் நாளைக்கு 33 கிராம், ஒரு சிறங்கைதான் வரும். அதை வைத்தே நாலு பேருக்குக் கடைசலும் ரசமும் இறக்குகிற கைப்பக்குவம் எனக்குப் பெரிய கலையாகவே தெரிகிறது.

இப்படிச் சமைக்கும் வீடுகளில் பருப்பை முதலில் ஊறப்போடுகிறார்கள். சீக்கிரம் வேகும், கேஸ் மிச்சம். மஞ்சள்தூளோடு இரண்டு சொட்டு எண்ணெய் விடுவது, பொங்கி வழியாமலிருக்க. குழைய வெந்ததும் உடனே கடைவதில்லை. சற்று அசையாமல் வைத்து, மேலே நிற்கும் தெளிவை இறுத்து ரசத்துக்கு எடுக்கிறார்கள். அடியில் தங்கிய பருப்பு கீரையோடு சேர்ந்து கடைசலாகிறது. இரண்டும் ஒரே சிறங்கையில் பிறந்தவை என்று நாக்கு நம்பாது.

அந்த ரசத்தின் பதத்தைப் பாருங்கள். புளித்தண்ணீர் பச்சை வாசனை போகக் கொதித்தபின்தான் தெளிவு சேர்கிறது. நுரை கட்டி எழும்பும்போதே, நுணுக்கிய மிளகு சீரகத்தைப் போட்டு இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும். தாளிப்பு கடைசியில்: ஒரு கரண்டி எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை. மேலாக மிதப்பதால் அந்த எண்ணெயின் வாசம் முழுதும் மூக்குக்கு வருகிறது. கொஞ்சம் எண்ணெய் நிறையத் தெரிவதன் சூட்சுமம் இதுதான்.

பீர்க்கங்காய் வாங்கிய நாளில் சதை கூட்டுக்கு, தோல் துவையலுக்கு. அரிசி களைந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் கழுநீரில் புளி கரைக்கிறார்கள். தேங்காய் அரைக்காத குழம்பும் கெட்டிப்படுகிறது. மிஞ்சிய சோற்றுக்கு ராத்திரியே தண்ணீர் ஊற்றிவைத்தால், காலையில் இதமாகப் புளித்த பழையசோறு. கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம்.

இல்லாமையை நான் கொண்டாடவில்லை. அட்டைக்கு இரண்டு கிலோ பருப்பு கொடுத்தால் முதலில் மகிழ்வேன். ஆனால் இருக்கிற சிறங்கையின் ஒவ்வொரு மணியையும் அறிந்து சமைக்கும் நுட்பத்தை மெச்சாமல் இருக்க முடியாது. மெச்சுவதோடு ஒன்று செய்யலாம்: கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவருக்கு வெறும் ரசம் மட்டும் மிஞ்சாமல், கடைசலிலும் ஒரு கரண்டியை முதலிலேயே எடுத்துவைக்கலாம்.